ராணி வேஷமும் ஏழாவது கட்டமும்

"ஏழாவது கட்டத்தை எடுத்துவிடலாமா சார்?" என்று கேட்டு நீங்கள் நால்வரும் சேர்ந்து அனுப்பிய மெயிலைப் படித்தேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் என் கட்டத்தில் கை வைக்கிறீர்கள். கோபம் வந்தது, மறைப்பானேன். செங்கல்பட்டு வீட்டு பால்கனியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று உறைத்தது. அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று உங்களில் ஒருவரிடமும் நான் சொன்னதே இல்லை. சொன்னால் என் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மானம் போனால் என்ன, சம்பளமா குறையப் போகிறது?

ஒரு ஆல்பத்தை ஆப்களில் ஏற்றுவதற்கு முன் நீங்கள் நிரப்பும் படிவத்தில் பெயர், மொழி, நீளம் என்று வரிசையாக வந்து, ஏழாவதாக இந்தக் கேள்வி நிற்கிறது: "பாடியது யார், எப்படிப் பாடினார்?" காலியாக விட்டால் படிவம் நகராது. மற்ற கட்டங்களை எல்லாம் கம்ப்யூட்டரே நிரப்பிவிடுகிறது, இது ஒன்றுக்கு மட்டும் ஆளைத் தேடிப் போன் போட வேண்டியிருக்கிறது என்பது உங்கள் வருத்தம். நியாயமான வருத்தம்தான்.

நாவலூர் ஆபீஸில் கூத்து ஆல்பங்களுக்குப் பெயரும் விவரமும் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தபோது எனக்குக் கூத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சினிமாப் பாட்டுக்கு விவரம் எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. அதே பழக்கத்தில் முதல் கூத்து ஆல்பத்தின் கீழே "சவுண்ட்டிராக்" என்று போட்டுவிட்டேன். மறுநாள் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தார்.

"சார், படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது?"

"இது படம் இல்லீங்க, கூத்து."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் சவுண்ட்டிராக்குன்னு போட்டுகிறீங்க? எங்க வூட்ல எல்லாரும் டிக்கெட் எடுக்கணும்னு கெளம்பிட்டாங்க."

ஒருவரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த மனிதர் டூட்டிக்கு நடுவில், பஸ்ஸை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, இருபது நிமிஷம் எனக்குப் பாடம் எடுத்தார். "முழுக் கூத்து" என்று போட்டால் காப்புப் பாட்டில் ஆரம்பித்து மங்களம் வரைக்கும் இருக்க வேண்டுமாம். நாலு பாட்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டு முழுக் கூத்து என்றால் அது மோசடியாம். அலங்காரமெல்லாம் கட்டி, சலங்கையோடு ஆடிப் பாடினால் அது வேஷப் பாட்டு. சட்டை வேட்டியோடு மைக் முன்னால் உட்கார்ந்து பாடினால் அது உக்காந்த பாட்டு. இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒன்றை இன்னொன்று என்று சொல்லக்கூடாது.

நான் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரிடம், "வேலை வெட்டி இல்லாதவங்க" என்று சிரித்தேன். வேலையில் இருந்துகொண்டே போன் செய்தவரைப் போய் அப்படிச் சொன்னேன். சவுண்ட்டிராக் என்ற வார்த்தையை மட்டும் எடுத்தேன். மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதால் போய்விட்டது. அதற்குப் பலன் சில வருஷம் கழித்துக் கிடைத்தது.

செய்யூர் வட்டாரத்து ஜமா ஒன்று, அதாவது கூத்துக் குழு, "அலைவாய் ராணி" என்று புதிதாக ஒரு கூத்து கட்டியிருந்தது. கடல் ஊருக்குள் வரும்போது, ஓடாமல் கரையில் நின்று கடலோடு வழக்காடும் ஒரு ராணியின் கதை. கூத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டுவது வழக்கம். ராணி வேஷம் ஏழுமலை என்பவருடையது. திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். நாற்பது வயதிருக்கும். அந்த வேஷத்தில் அவரைப் பார்க்க மாமல்லபுரத்திலிருந்தும் அச்சிறுப்பாக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டு, பாட்டுகளை மட்டும் ஆல்பமாகப் போடுவோம் என்று ஜமாவை நாவலூர் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தோம்.

மற்றவர்கள் எல்லாரும் பாடிவிட்டார்கள். ஏழுமலையால் முடியவில்லை. கண்ணாடி அறை, ஏசிக் குளிர், தலையில் ஹெட்போன், முன்னால் முக்காலி. நாலு தடவை எடுத்தோம். நாலு தடவையும் குரல் தரையிலேயே கிடந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் எங்கள் ஆபீஸ் மேனேஜரிடம், "இந்த ஆளுக்குக் குரல் போயிடுச்சு. வேற யாரையாவது வெச்சிப் பாட வெச்சிடலாம்" என்றேன். அவரும் சரி என்றார். உள்ளே போய் ஏழுமலையிடம், "ராணி பாட்டை மட்டும் வேற ஆள் பாடட்டுங்க, நீங்க சிரமப்பட வேணாம்" என்று இனிக்க இனிக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஹெட்போனைக் கழற்றி முக்காலி மேல் வைத்துவிட்டு, "சரி சார்" என்று எழுந்தார்.

சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து பாடினார். நல்ல பாடகி. ஒரே மதியத்தில் ஆறு பாட்டையும் முடித்துக் கொடுத்தார். அட்டைப் படத்துக்கு ஏழுமலை ராணி வேஷத்தில் நிற்கும் போட்டோ. கீழே நான் எழுதியது: "அலைவாய் ராணி. ஜமா கலைஞர்கள் பாடிய வேஷப் பாட்டுகள்." வேஷப் பாட்டு என்ற வார்த்தை கண்டக்டரிடம் கற்றது. கேட்க நன்றாக இருந்தது, போட்டேன். பாடகியின் பெயரைப் போடவே இல்லை. போட்டால் படத்தில் இருப்பவர் பாடவில்லை என்று தெரிந்துவிடுமே.

வெள்ளிக்கிழமை வெளியீடு. செவ்வாய்க்கிழமை அந்த அட்டையோடு ஒரு நிமிஷ முன்னோட்டம் விட்டோம். புதன் காலை நான் ஆபீஸில் நாஸ்தா டப்பாவைத் திறக்கும்போது ஒரு பெண் போனில் வந்தார். முப்பது வயதுக் குரல். செய்யூர் பக்கத்தில் சவுக்கு நாற்று வளர்த்து விற்பவராம். அந்த வட்டாரத்துக் கூத்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரும் அவர்தான். பெயரை இங்கே எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "என் பேரு எதுக்கு சார்? நான் இன்னா பாடினேனா?" என்றுவிட்டார். ஆகையால் நாற்றுக்காரம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

"சார், யாரு சார் பாடிகிறது?"

"அட்டைப் படத்துல இருக்காரே. ஏழுமலை."

"சார், நான் அந்தக் கூத்த பதினோரு வாட்டி பாத்துகிறேன். அவுரு 'கடலே'ன்னு எடுத்தாருன்னா அந்த 'லே'ல ஒரு மூச்சு வாங்கும். காலு அங்க ஒரு அடி போடும், அதனால. நீங்க போட்டதுல மூச்சே இல்ல. சலங்கையும் இல்ல. இது உக்காந்த பாட்டு. அதுவும் ஒரு பொம்பள உக்காந்து பாடினது."

நான் மழுப்பினேன். ஸ்டுடியோவில் சத்தத்தையெல்லாம் சுத்தம் செய்வோம், அதனால் அப்படிக் கேட்கும் என்றேன். முப்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பொய்யை ஒரு நாற்றுக்காரம்மாவிடம் சொல்கிறேன், பாருங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், பாடின பொண்ணு நல்லாத்தான் பாடிகீது. அது பேரயும் நீங்க போடல. அது பேரையும் சாப்ட்டுட்டு, இவுரு மூஞ்சியையும் எடுத்துக்கினா எப்டி சார்? ஒண்ணு, பேர மாத்துங்க. இல்ல, ஆள மாத்துங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் விடவில்லை.

"யோசிக்க டயம் இல்ல சார். ஏழுமலை அண்ணாத்த நேத்து பாட்டக் கேட்டுட்டு ஜமா வாத்தியாராண்ட போயி, ராணி வேஷத்த வேற ஆளுக்குக் குட்துருன்னு சொல்லிட்டாரு. இந்த சீசனே கட்ட மாட்டாராம். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. உங்க ஸ்டுடியோவுல இன்னா சார் நடந்துச்சு?"

என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. நாஸ்தாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஆட்டோ வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தார். காக்கிச் சட்டை, மழமழவென்று மழித்த முகம். என்னைப் பார்த்ததும் துண்டால் பின் சீட்டைத் துடைத்து, "குந்து சார்" என்றார். கோபம் துளிகூட இல்லை. அது எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது. ஏன் வேஷத்தை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான சார் சொன்னீங்க, கொரலு பூட்ச்சுன்னு."

"நான் எப்போங்க சொன்னேன்?"

"கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுகினு சொன்னீங்களே. காதுல மாட்டிவுட்டீங்களே, அதுல கேட்டுச்சு."

உங்களுக்குத் தெரியும், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து உள்ளே பேச ஒரு பட்டன் உண்டு. பேசி முடித்ததும் அணைக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. அந்த மனிதர் என் வார்த்தையைக் காதுக்குள்ளேயே கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் நான் போய் இனிக்க இனிக்கப் பேசியதற்கும் "சரி சார்" என்றிருக்கிறார். ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்தது. அறுபதை நெருங்கிய ஆள், நடுத்தெருவில்.

"நான் கூத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன். தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நீங்க எவ்ளோ பேரப் பாத்துகிறீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

நான் என்ன சொல்லியும் அவர் தலை அசைந்ததே தவிர மனசு அசையவில்லை. அங்கேயே நின்று நாற்றுக்காரம்மாவுக்குப் போன் செய்து, பட்டன் விஷயம் உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், "நாளைக்கே வேஷம் கட்ட வெச்சு எடுக்க முடியுமா சார்? அவுரு நின்னு பாடற ஆளு. குந்த வெச்சா எப்டி வரும்? நீங்க மிஷினக் கொண்டாங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நாளன்னிக்கு ரிலீஸ். எல்லாத்துக்கும் தேதி சொல்லியாச்சு. ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்காகவா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. சொன்ன தேதிக்குக் கொடுப்பதும் ஒரு நேர்மைதான். ஆனால் இந்த அட்டையை நான் எழுதினேன், இதில் இருப்பது பொய், என் பெயரால் இதை ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். என் வேலைக் காலத்தில் மேலதிகாரியிடம் அப்படி நான் பேசியது அந்த ஒரு தடவைதான். வெள்ளி காலைக்குப் பதில் வெள்ளி மாலை என்று அரை நாள் கொடுத்தார்.

வியாழக்கிழமை பகல், செய்யூரில் ஒரு கல்யாண மண்டபம். சத்தம் வருமென்று மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தியாயிற்று. ரசிகர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். வேர்க்கடலை பறிப்பை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டு வந்தவர், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட டீச்சர், லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்த டிரைவர், ஏன், என் பழைய கண்டக்டரும் வந்திருந்தார். செருப்புச் சத்தம் மைக்கில் விழும் என்று நாற்பது பேரும் தாங்களாகவே செருப்பை வெளியே விட்டிருந்தார்கள். போனை அணைத்து மடியில் கட்டிக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் விசிறக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. இவர்களைத்தான் நான் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றேன்.

முந்தின ராத்திரி நாற்றுக்காரம்மாவும் வாத்தியாரும் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்த ஏழுமலை, அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையுமாகத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஆர்மோனியம் எடுத்தது. "கடலே" என்று ஆரம்பித்தார். அதே தரை. நாவலூரில் கேட்ட அதே செத்த குரல். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி அப்படியே. இவரை இங்கே கூட்டிவந்து, ரசிகர்கள் முன்னால் இன்னொரு தடவை அவமானப்படுத்துகிறேனோ என்று தோன்றியது. நிறுத்திவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்றுக்காரம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"ஏம்மா?"

"திரை ஓரமா உங்களையே பாத்துக்கினு பாடறாரு சார்."

முப்பது வருஷத்தில் ஒரு பதிவிலிருந்து என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. நான்தான் மற்றவர்களை அனுப்புவேன். ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பெண் சொன்னது உண்மை என்று உடம்புக்கே தெரிந்தது. எழுந்தேன். கால் நாற்காலியில் இடிக்காமல் வெளியே வந்து, நாற்பது ஜோடி செருப்புக்கு நடுவில் வெயிலில் நின்றேன்.

மூன்றாவது தடவை ஆர்மோனியம் எடுத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் கேட்டது. "கடலே." அந்த "லே"யில் மூச்சு. கூடவே தரை அதிர ஒரு சலங்கை அடி. அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கே போயிற்று, எப்படி ஏறிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கடல் வந்தாலும் இந்த மனிதர் கரையில் நிற்பார் என்று தோன்றியது. எதிர் கடையில் வெங்காயம் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஆறு பாட்டும் முடியும் வரை நான் உள்ளே போகவில்லை.

ஒலிப்பதிவாளர், "மூச்சையும் சலங்கையையும் எடுத்துட்டா சுத்தமா இருக்கும் சார்" என்றார். தொடாதே என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு ஆல்பங்கள் ஏறின. ஒன்று: "அலைவாய் ராணி. வேஷப் பாட்டுகள். ராணி: ஏழுமலை. செய்யூர் மண்டபத்தில் வேஷம் கட்டி, ரசிகர்கள் முன்னிலையில் பாடியது." மற்றொன்று, சென்னைப் பாடகியின் படத்தோடும் பெயரோடும்: "அலைவாய் ராணி பாட்டுகள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாடியது." அந்தப் பெண் எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு நாற்றுக்காரம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. "'லே'ல மூச்சு கீது சார். ஆனா அஞ்சாவது பாட்டுல பின்பாட்டுக்காரரு பேர தப்பாப் போட்டுகிறீங்க. மாத்திடுங்க." மாத்தினேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, படிவத்தில் ஏழாவது கட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன்.

அதை எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் பாடு. எனக்கு உத்தரவு போடும் உரிமை இல்லை. எடுப்பதென்று முடிவானால் அதற்கு முன் ஒரு தடவை திருக்கழுக்குன்றம் போய்வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆல்பம் ஏறிய அடுத்த வாரம் நான் போயிருந்தேன். மன்னிப்பை இன்னொரு தடவை ஒழுங்காகக் கேட்கலாம் என்று போனேன், கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆட்டோவில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் மாட்டியிருந்த போனில் ராணி கடலோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். மலைக்குப் போக வந்த ஒரு அம்மாள், ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்று கேட்டார்.

"இன்னாமா பாடுது! யாருப்பா இந்தப் பொம்பள?"

ஏழுமலை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். காக்கிச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பொம்பள நான்தாம்மா. ஏறு, நேரமாவுது."